இன்ஜினை மாத்தலாமா? கொல்லிமலை ஜீப்பும் சட்டப்பிரிவு 52-ம்

'டீசல் கன்வெர்டட், பேப்பர் கரன்ட், சூப்பர் கண்டிஷன்'. பழைய ஜிப்ஸியோ மஹிந்திரா ஜீப்போ தேடி போனை உருட்டியவர்கள் இந்த விளம்பர வரியைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அடுத்த முறை பார்த்தால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆர்.சி.யில எரிபொருள்னு இருக்கிற இடத்துல என்ன போட்டிருக்கு?" நேரடியான பதில் வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்களுக்கு இது வீக்கெண்ட் ஆசை. நாமக்கல் மாவட்டத்து கொல்லிமலையில் இதுவே பிழைப்பு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை, மரவள்ளி எல்லாம் விளைகிற ஊர்கள். தோட்டத்தில் விளைந்தது சோளக்காட்டு சந்தைக்கு வர வேண்டும். தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேலைக்கு ஆகும். புது தார் வாங்குகிற காசு எல்லாரிடமும் இல்லை. அதனால் இருபது, முப்பது வருஷத்து ஜீப்பை ஓட்ட வேண்டியிருக்கிறது. ஒருநாள் இன்ஜின் கையை விரித்துவிடும். ஸ்பேர் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. "வேற இன்ஜின் உட்கார வெச்சிடலாம்ணே" என்று பட்டறையில் சொல்வார்கள். பிரச்சினை அங்கே தொடங்குகிறது.

இந்த விஷயத்தில் சட்டம் பாதுகாப்பை நினைத்து கோடு போட்டிருப்பது சரி. ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்று வண்டியைப் பிழைக்க வைக்க ஒரு சாதாரண ஜீப்காரருக்கு சட்டம் தரும் வழி மிகக் குறுகியது. அந்த வழியை அகலமாக்க வேண்டிய பொறுப்பு போக்குவரத்துத் துறைக்கு இருக்கிறது என்பது நம் நிலைப்பாடு. ஏன் என்று பார்ப்போம்.

பிரிவு 52 என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. அடிப்படை விதி இவ்வளவுதான். 'மாற்றம்' என்றால் என்ன? வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் அளவுக்கான கட்டமைப்பு மாற்றம் என்று பிரிவே விளக்குகிறது. சீட் கவர் இதில் வராது. பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் வைத்தால் இன்ஜின் எண், எரிபொருள், சி.சி. மூன்றும் ஒரே நாளில் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாமல் போய்விடும்.

இதற்கு விலக்கும் உண்டு. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி, சோலார் என்று வேறு எரிசக்தியில் ஓடுவதற்காக, அங்கீகரிக்கப்பட்ட கன்வெர்ஷன் கிட் பொருத்தி, விதிகளில் சொன்ன நிபந்தனைப்படி செய்தால் அனுமதி உண்டு. பட்டறையில் வெல்டிங் வைத்துப் பொருத்திய பழைய இன்ஜின் 'கிட்' ஆகாது.

கவனிக்க வேண்டிய இடம் உட்பிரிவு 2. பத்து அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வாகனங்கள் வைத்திருக்கும் உரிமையாளர்கள், அதே மேக், அதே டைப் இன்ஜினை முன் ஒப்புதல் இல்லாமலேயே மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிக்கை மூலம் அனுமதிக்கலாம். மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டால் போதும். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை. ஒரே ஒரு ஜீப் வைத்திருக்கும் மலைக்காரர் அதே இன்ஜினைத்தான் மாற்றுகிறார் என்றாலும் ஒப்புதலுக்கு மலை இறங்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் மனதில் பஸ் கம்பெனியும் லாரி கம்பெனியும் இருந்திருக்கலாம். கொல்லிமலை இருந்த மாதிரி தெரியவில்லை.

2019-ல் இரண்டு விஷயம் நடந்தது. ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த 'ஆர்.டி.ஓ. எதிர் கே.ஜெயச்சந்திரா' வழக்கில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றக் கூடாது, மாநில விதிகள் எதுவாக இருந்தாலும் 52-வது பிரிவுக்குக் கட்டுப்பட்டவைதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு சில மாநிலங்களில் 'ஆர்.டி.ஓ. பார்த்து சம்மதிச்சா ஓகே' என்று இருந்த இடைவெளி அதோடு சுருங்கியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ(4) என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்ஜின், டயர், பம்பர் என்று தனித்தனியாக எண்ண முடியும்.

காகிதத்தை விடுங்க, இரும்பு என்ன சொல்லுது?

'சட்டம் சும்மா தொல்லை பண்ணுது, வண்டி நல்லாத்தானே ஓடுது' என்பது வழக்கமான வாதம். ஏறும்போது நன்றாகத்தான் ஓடும். இறங்கும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

ஜிப்ஸியை எடுத்துக்கொள்வோம். 1985-ல் 970 சி.சி. பெட்ரோல் இன்ஜினோடு வந்தது. பின்னால் 1,298 சி.சி. ஆனது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. டீசல் ஜிப்ஸி என்று மாருதி விற்கவே இல்லை. ஆக, நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு டீசல் ஜிப்ஸியும் யாரோ ஒருவர் பட்டறையில் செய்தது. சாஃப்ட் டாப் மாடலின் எடை 985 கிலோதான். எடைக்குறைவுதான் அந்த வண்டியின் பலமே. டீசல் இன்ஜின் அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கனமான வார்ப்பாக இருக்கும். அந்த எடை முன் ஆக்ஸில் மேல் உட்காரும். முன் ஸ்பிரிங் பட்டை தாழும், பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் வளைவில் திருப்பவே தோள் வலிக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும்.

அடுத்து இழுவிசை. பிந்தைய ஜிப்ஸியின் பெட்ரோல் இன்ஜின் அதிகபட்சம் 103 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தது. ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் 190 கொடுத்தது. 'டபுள் பவர் பாஸ்' என்று சந்தோஷப்படலாம். ஆனால் கிளட்ச், கியர் பாக்ஸ், ஆக்ஸில் ஷாஃப்ட் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவை. லோ ரேஞ்சில் போட்டு, பலா மூட்டையோடு பாறையில் ஏற்றும்போது இன்ஜின் கொடுக்கும் விசை பல மடங்கு பெருகிப் பின் ஆக்ஸிலில் இறங்கும். எது பலவீனமான கண்ணியோ அது முதலில் போகும்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. முன் ஆக்ஸில் இன்ஜினுக்கு நேர் கீழேயே இருக்கும். காருக்காகச் செய்த இன்ஜினின் ஆயில் சம்ப், பள்ளத்தில் விழும்போது மேலே எழும்பும் டிஃபரன்ஷியல் மேல் இடிக்கும். இடிக்காமல் இருக்க இன்ஜினை உயர்த்தி வைப்பார்கள். உயர்த்தினால் வண்டியின் எடை மையம் மேலே போகிறது, ஷாஃப்ட்டின் கோணம் கூடுகிறது, கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேய்கிறது. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டி இல்லாமல் தனியாக இருக்கும். நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். இன்ஜினோடு கியர் பாக்ஸும் மாறினால் அந்த ஷாஃப்ட்டின் நீளம், கோணம் எல்லாமே கண் அளவில் தீர்மானிக்கப்படும். அளவு கொஞ்சம் பிசகினாலும் ஓட்ட ஓட்ட அதிர்வாகத் தெரியும். அந்த அதிர்வு நாள்பட வெல்டிங் இருக்கிற இடத்தைத் தேடிப் போய் விரிசலாகும்.

வெல்டிங் என்றதும் சேஸிஸ். புது இன்ஜினுக்கு மவுன்டிங் பிராக்கெட் வேண்டும். பழைய சேஸிஸ் பலகையில், துரு மேலேயே வெல்டிங் வைத்தால், பற்று வைத்த இடத்தைச் சுற்றியுள்ள இரும்பு சூட்டில் குணம் மாறிவிடும். பார்க்க உறுதியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து, பெயின்ட்டுக்கு அடியில் முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருக்கும்.

இதையெல்லாம் விட பெரிய விஷயம் பிரேக். பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் பிரேக் பெடலை மெதுவாக அழுத்தினாலே பிடிப்பதற்குக் காரணம் இன்ஜினின் இன்டேக் பக்கம் உண்டாகும் வேக்குவம். அதுதான் பூஸ்டரை இயக்குகிறது. டீசல் இன்ஜினில் பெரும்பாலும் அந்த வேக்குவம் இயல்பாக உண்டாவதில்லை. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும், வழக்கமாக ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து வரும். செகண்ட் ஹேண்ட் இன்ஜினோடு அது வந்ததா, பைப் சரியாகக் கொடுத்தார்களா, லீக் இருக்கிறதா? வாங்குகிற பத்து பேரில் எத்தனை பேர் இதைக் கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லிமலையில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். 1,500 கிலோ எடையோடு ஒரு ஜீப் 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை நாலு மணி நேரம் ஓட்டுகிற சூடு. அது எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும், மிச்சத்தை இன்ஜின் பிரேக்கிங்கும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ளும். கியரில் இறங்கும்போது பெட்ரோல் இன்ஜின் த்ராட்டில் மூடியபடி நன்றாகப் பிடித்து நிறுத்தும். த்ராட்டில் இல்லாத டீசல் இன்ஜின் அதே சி.சி.யில் அவ்வளவு பிடிக்காது. அந்தப் பங்கும் பிரேக் டிரம் தலையில் விழும். சூடேறிய டிரம்மில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது அந்த 70 வளைவில் லோடு ஏற்றி இறங்கியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

'மஹிந்திராவே மாத்தலையா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வில்லீஸ் வடிவத்தில் பெட்ரோல் இன்ஜினோடு தொடங்கிய மஹிந்திரா ஜீப்புகளில் பின்னால் பெஜோ டீசல் வந்தது, அதற்கப்புறம் 2.5 லிட்டர் டி.ஐ. வந்தது. ஒரே உருவத்துக்குள் பல இன்ஜின்கள். ஆனால் தயாரிப்பாளர் இன்ஜினை மாற்றும்போது ஸ்பிரிங், கியர் விகிதம், கூலிங் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார், மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து அங்கீகாரம் வாங்குகிறார். பட்டறையில் இந்தச் சோதனையை உங்கள் குடும்பம் பின் சீட்டில் உட்கார்ந்து செய்கிறது.

இன்ஷூரன்ஸ்: யாரும் பேசாத பகுதி

ஜீப்பின் பின்னால் உட்காருவது பெரும்பாலும் தோட்டக் கூலிகள், சந்தைக்குப் போகும் பெண்கள், ஸ்கூல் பிள்ளைகள். விபத்து நடந்தால் இழப்பீடு யார் தருவது?

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் சட்டத்தின் 150-வது பிரிவு, காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பிக்க எழுப்பக்கூடிய காரணங்களையும் பட்டியலிடுகிறது. அதில் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றியது. ஓன் போர்டு ஜீப்பில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் இதில் மாட்டும். இன்னொன்று, முக்கியமான தகவலை மறைத்து பாலிசி எடுத்தது. பெட்ரோல் வண்டி என்று பாலிசியில் இருக்க, பானெட்டைத் திறந்தால் டீசல் இன்ஜின் நின்றால், நிறுவனத்தின் வக்கீலுக்கு வேலை சுலபம். பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்க வருஷக்கணக்கில் இழுக்கலாம். கடைசியில் அந்தத் தொகை ஜீப் உரிமையாளர் தலையில் வரவும் வாய்ப்பு உண்டு. நிலத்தை விற்றாலும் கட்ட முடியாத தொகையாக அது இருக்கலாம். 5,000 ரூபாய் அபராதம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பழைய இன்ஜின் வாங்குவதில் இன்னொரு ஆபத்து. புதுப்பேட்டையிலோ வேறு ஸ்கிராப் மார்க்கெட்டிலோ பில் இல்லாமல் வாங்கிய இன்ஜினின் எண், எங்கோ திருட்டுப் புகாரில் இருக்கிற எண்ணாக இருந்தால், விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சரி, வழியே இல்லையா?

இருக்கு. முதல் வழி, அதே மாடல் இன்ஜின். பழையதை ரீ-போர் செய்து ஓவர்ஹால் பண்ணலாம். இன்ஜின் எண் மாறாது, ஆர்.சி.யில் கை வைக்க வேண்டியதில்லை. பிளாக்கே போய்விட்டால் அதே வகை இன்ஜினை பில்லோடு வாங்கி, வேலை தொடங்கும் முன்பே நாமக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்புதல் கேட்டு, பொருத்தியபின் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, புது எண்ணை ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். வண்டி மேல் லோன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் நடக்கிற வேலை.

டீசல் ஆசைக்கு முன்பிருந்த பொருளாதாரக் காரணமும் இப்போது தேய்ந்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. மைலேஜ் லாபம் இருக்கிறதுதான். இன்ஜின் விலை, லேத் வேலை, ஷாஃப்ட், ரேடியேட்டர், அப்புறம் ஒவ்வொரு எஃப்.சி.க்கும் செய்கிற 'ஏற்பாடு' எல்லாம் கூட்டினால் அந்த லாபம் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது வழி, அங்கீகரிக்கப்பட்ட கிட். 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 3.5 டன்னுக்குக் குறைவான பி.எஸ்.-6 வண்டிகளில் சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் பொருத்தவும், டீசல் இன்ஜினுக்குப் பதில் கேஸ் இன்ஜின் வைக்கவும் விதி கொண்டு வந்தது. மலையில் ஓடும் பழைய ஜீப்புகள் பி.எஸ்.-6 இல்லை. சிலிண்டர் நிரப்ப ஒவ்வொரு முறையும் கீழே இறங்க வேண்டியிருந்தால் லாபம் வளைவிலேயே கரைந்துவிடும்.

எலெக்ட்ரிக் மாற்றம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2023 ஏப்ரலில் டெல்லியில் நடந்த ராணுவத் தளபதிகள் மாநாட்டில், ஐ.ஐ.டி. டெல்லியோடு தொடர்புள்ள டாட்போல் ப்ராஜெக்ட்ஸ் என்ற ஸ்டார்ட்அப், ராணுவ ஜிப்ஸி ஒன்றை எலெக்ட்ரிக்காக மாற்றிக் காட்டியது. இப்படிப்பட்ட கிட்டுகளுக்கு ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரநிலை இருக்கிறது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களிடம் வண்டி மாடல் வாரியாக ஒப்புதல் வாங்க வேண்டும். இறங்கும்போது வீணாகும் அந்த 4 யூனிட்டில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்ப முடியும் என்பதால் மலைக்குப் பொருத்தமான யோசனை. விலைதான் இப்போதைக்கு விவசாயிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியது

ஆஸ்திரேலியாவில் வி.எஸ்.பி.-14 என்று ஒரு தேசிய வழிகாட்டி இருக்கிறது. வண்டியின் எடைக்கு ஏற்ப எவ்வளவு பெரிய இன்ஜின் வைக்கலாம், அதற்கு பிரேக்கும் ஷாஃப்ட்டும் எப்படி இருக்க வேண்டும், எந்த மாற்றத்துக்கு இன்ஜினீயர் சான்று வேண்டும் என்று அது பிரித்துச் சொல்கிறது. நம்மிடம் 'கூடாது' என்ற ஒரு சொல்லும், அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கு இது புது விஷயமே இல்லை. நாடே அறிந்த லாரி பாடி கட்டும் ஊர். பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ்.-052, லாரி கேபினுக்கும் பாடிக்கும் ஏ.ஐ.எஸ்.-093 என்று தரநிலை வந்தபோது, கை வேலையாக இருந்த ஒரு தொழில் அளவுக்கும் சோதனைக்கும் உட்பட்ட தொழிலாக மாறத் தொடங்கியது. பாடி கட்டுகிறவருக்கு அங்கீகாரம் கொடுக்க முடியும் என்றால், மலை ஜீப்பில் அதே வகை இன்ஜினைப் பொருத்துகிற பட்டறைக்கும் ஏன் கொடுக்க முடியாது?

தேசிய அளவில் சட்டம் மாற நாளாகும். மாநில அரசு இப்போதே செய்யக்கூடியது இருக்கிறது. அதே வகை இன்ஜின் மாற்றத்துக்கான நடைமுறையை, என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று ஒரே பக்கத்தில் தமிழில் வெளியிடலாம். செம்மேட்டில் மாதம் ஒருநாள் ஆய்வாளர் வந்து வண்டிகளைப் பார்க்கும் முகாம் நடத்தலாம். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பயமில்லாமல் பிரேக்கையும் சேஸிஸையும் காட்டி, பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ள அவகாசம் கொடுக்கலாம். பத்து வண்டிக்காரருக்குச் சட்டம் கொடுத்திருக்கிற சலுகையை மலை ஊர்களின் ஒற்றை ஜீப்காரர்களுக்கும் நீட்டச் சொல்லி மத்திய அரசிடம் கேட்கலாம்.

பழைய வண்டிக்காரர்கள் மேல் சுமை ஏற்கெனவே கூடியிருக்கிறது. 15 வருஷம் தாண்டிய சொந்த உபயோக நான்கு சக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. (10 வருஷத்து டீசல் வண்டிக்குத் தடை என்பது டெல்லி வட்டாரத்துக்கு. தமிழ்நாட்டுக்கு இல்லை. இந்தப் பயத்தைக் காட்டி வண்டியைக் குறைந்த விலைக்குக் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை.) இவ்வளவு வாங்குகிற அரசு, அந்த வண்டியைச் சட்டப்படி பழுது பார்க்க ஒரு தெளிவான வழியைத் தருவது அதிகப்படியான எதிர்பார்ப்பு இல்லை.

அதுவரை, பழைய ஜீப் பார்க்கப் போகும் நீங்கள் ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். பிளாக்கில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு வைத்துப் பாருங்கள். சாய்ந்து படுத்து மவுன்டிங் வெல்டிங்கைப் பாருங்கள். இன்ஜினை ஆஃப் செய்து பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், அந்த வண்டியில் காரவள்ளி பக்கம் போகாதீங்க.